செகப்புக்கு மேல ரெண்டு வெரல்

மூணே மூணு கேள்விதான். அதுக்கு இத்தாலிக்காரன் ஒரு முழு நீளத் தாளு அனுப்பியிருந்தான். மேல மிஷின் கம்பெனி முத்திரை, நடுவுல மூணு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு கோடு. பத்து மணி டீ சங்கு ஊதி அடங்குனதும் மானேஜர் ஜெயசீலன் ஸ்பேர் பார்ட்டு ரூமுக்கே வந்து அதை அங்க வேலை பாக்கற கோதண்டத்து முன்னால வச்சிட்டு, "யோவ் இத்தாலி, சாப்பாட்டு சங்குக்குள்ள நெரப்பிக் குடுத்துடு. எம் போன்ல போட்டோ புடிச்சுப் பாத்தேன், 'அழுத்தம் வெற்றி பெற்றதா'ன்னு வருது. இன்னா எழவுன்னே புரியல"ன்னாரு. வாசல் வரைக்கும் போனவரு திரும்பி, "பிரஷரு அளவுக்கு மேல போச்சான்னுதான கேப்பான், ஆமான்னு போடு. ஆபரேட்டருக்கு அளவு தெரியுமான்னு கேட்டா அதுக்கும் ஆமா. பேரு கேட்டா பிச்சாண்டி. இதே தாளுதான் மேலாபீசுக்கும் போவுது. அதப் பாத்துட்டுத்தான் பிச்சாண்டிய வச்சுக்கிறதா, அனுப்பறதான்னு சொல்லுவாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பிச்சாண்டிய அனுப்பறதுன்னு அவரு சொன்ன தினுசு, தபால அனுப்பற மாதிரி இருந்துது. பிச்சாண்டி இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறான். வலது கையும் கழுத்தும் கட்டு, ஒரு கண்ணு மேல பஞ்சு. கொதிக்கிற ஆயிலு. மிஷினோட ஆயில் ஓஸ் பைப்பு வெடிச்ச சத்தம் ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டுதுன்னு சொன்னாங்க. கோதண்டத்துக்குக் கேக்கல. அவரு அன்னிக்கு ஊர்லயே இல்ல. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருந்தாரு. அப்படித்தான் ஃபேக்டரியில எழுதிக் குடுத்திருந்தாரு.

கோதண்டத்துக்கு இத்தாலி பாஷை தெரியும்னு ராணிப்பேட்டையில இந்த ஒரு தோல் ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ள மட்டும் ஒரு நம்பிக்கை. தெரிஞ்சது மொத்தம் நூத்திச் சொச்சம் வார்த்தை, அதுல பாதி நட்டு, போல்ட்டு, வாஷரு. எட்டு வருசத்துக்கு முன்ன எருமைத் தோலை முதலைத் தோலா ஆக்கற அந்த பிரஸ் மிஷினு கப்பல்ல வந்து எறங்குனப்ப, அதை நிக்க வச்சுக் குடுக்க ரெனாத்தோன்னு ஒருத்தன் கூட வந்தான். பதினெட்டு நாளு இருந்தான், இட்லிக்குச் சக்கரை தொட்டுக்குவான், போறப்ப தன்னோட பாக்கெட் அகராதியைக் கோதண்டம் கையில வச்சு அழுத்திட்டுப் போனான். இங்கிலீசுல தேடினா இத்தாலி சொல்ற புஸ்தகம். இப்ப அட்டை போயி, கிரீசு ஏறி, மேசையில வச்சா ஒரு எடத்துல தானா தொறந்துக்கும். எக்சீடு. மிஷின் தகட்டுல இருந்த மொத வார்த்தை. டூ நாட் எக்சீடு இருநூத்தம்பது. அதுக்குக் கீழ நோன் சூப்பெராரே. அகராதியில எக்சீடுக்கு ஒண்ணு இல்ல, மூணு போட்டிருந்தான். சூப்பெராரே, எச்சேதெரே, ஓல்த்ரெபஸ்ஸாரே. ஒரே வேலைக்கு மூணு ஸ்பேனரு எதுக்குன்னு கோதண்டம் கேட்டாரு. ரெனாத்தோ நடிச்சே காட்டுனான். தட்டுல ஒம்பது இட்லி அடுக்கி வவுத்தப் புடிச்சுக்கிட்டான், அது எச்சேதெரே. கேட்டுல லாரி நிக்கச் சொல்லிக் கட்டியிருந்த சங்கிலியத் தாண்டிக் குதிச்சான், அது ஓல்த்ரெபஸ்ஸாரே. சூப்பெராரேக்குத்தான் பாவம் ரொம்பப் பாடுபட்டான். ஸ்கூட்டர் ஓட்டி ஒரு லாரிய முந்திக் காட்டுனான். காத்துல பரீட்சை எழுதிப் பாஸ் வாங்கிக் காட்டுனான். அப்பறம் பர்சுலேர்ந்து அவங்கம்மா போட்டோவ எடுத்து, மேல கையக் காட்டி, நெஞ்சத் தட்டி, இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனான். அம்மா போனத அவன் இன்னும் சூப்பெராரே பண்ணலயாம். கோதண்டத்துக்கு அன்னிலேர்ந்து கொழப்பம். லாரிய முந்தறதும், பரீட்சை பாஸ் பண்றதும், அம்மாவ மறந்து எழுந்து நிக்கறதும், இருநூத்தம்பதுக்கு மேல பிரஷரு முள்ளு போறதும் ஒரே வார்த்தைன்னா அந்த ஊரு மனுசன் எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாதுன்னு எப்படித்தான் கண்டுபுடிக்கிறான். நம்மூர்ல தேவல. மீறுனா தப்பு, மிஞ்சுனா திமிரு, தாண்டுனா தெம்பு, கடந்துட்டா சாமியாரு. ஆளுக்குத் தகுந்த செருப்பு மாதிரி வார்த்தை கெடைக்கும். கெடைச்சு மட்டும் இன்னா. மிஷின் போர்டுல மீறாதேன்னு அவருதான் எழுதுனாரு. எழுதுன கையாலயே.

வேணாம், அங்க போவ வேணாம். தாளப் பாப்போம். மொதக் கேள்வியில சூப்பெராத்தான்னு இருந்துது, நம்ம ஆளுதான், சட்டை மாத்திக்குனு வந்திருக்கான். அதிகபட்ச அழுத்தம் தாண்டப்பட்டதா. தாண்டுச்சு. முள்ளு இருநூத்தித் தொண்ணூறுல நின்னுபோயி வளைஞ்சே கெடக்குது, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ஆமான்னு எழுதுனாரு, இத்தாலியில சி, ரெண்டே எழுத்து, நிம்மதியா இருந்துது. ரெண்டாவது, இயக்குறவருக்கு அளவு தெரியுமா. இங்கதான் பேனா நின்னுடுச்சு. தெரியும்னா பிச்சாண்டி தெரிஞ்சே பண்ணினான், போவட்டும். தெரியாதுன்னா ஏன் தெரியல, யாரு சொல்லல. அந்த யாருங்கறது ஒரு கொக்கி மாதிரி தொங்குது. ஃபேன் காத்துல தாளு படபடன்னுது. மேல வைக்க எதாவது தேடி எதிர் ரேக்குல கைய வுட்டவரு, வெரலுல கண்ணாடி பட்டதும் சட்டுனு கைய இழுத்துக்கிட்டாரு. அது அங்கதான் கீது, தெரியும். காலையிலேர்ந்து அந்த ரேக்கப் பாக்காமத்தான் உக்காந்திருந்தாரு. பிரஷர் கேஜோட பழைய கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு அளவு, ஓரத்துல ஒரு கீறல், அதுல செகப்புப் பெயின்ட்ல ஒரு கோடு. இருநூத்திப் பத்துக்கு நேரா வர்ற கோடு. அவரு போட்ட கோடு. ஒடைச்சுக் குப்பையில போட்டா ஒரு நிமிச வேலை. குப்பை லாரி பதினொண்ணரைக்கு வரும்.

ரெனாத்தோ போன அடுத்த வாரம் அவரு மொதல்ல கோடு போட்டது இருநூத்தம்பதுலதான். சத்தியமா. தகட்டுல இன்னா இருந்துதோ அதுல. மறுநாள் வந்து பாத்தா முள்ளு இருநூத்தித் தொண்ணூறுல நிக்குது, பிச்சாண்டி பீடி வலிச்சுக்குனு நிக்கறான். "யோவ், செகப்புக் கோடு கண்ணுக்குத் தெரியலயா?" "தெரியுதுணா. அதுக்கு மேல ரெண்டு வெரலுதான வுட்டிருக்கேன்." "கோடு எதுக்குய்யா போட்டிருக்கு?" "இன்னாணா நீ புதுசாக் கேக்கற. செகப்புன்னா கொஞ்சம் எடம் வுட்டுத்தான போடுவாங்க. லாரியில பத்து டன்னுன்னு எழுதியிருக்கும், பன்னண்டு ஏறும். லிஃப்டுல ஆறு பேருன்னு போட்டிருக்கும், எட்டு பேரு போறதில்ல? எருமைத் தோலு, ரெண்டு வெரலு ஏத்தலன்னா முதலை எழும்பாது, உடும்பாத்தான் நிக்கும்." பிச்சாண்டி கட்ட வெரலுக்குப் பக்கத்து வெரலையும் நடு வெரலையும் ஒண்ணாச் சேத்து கேஜு கண்ணாடி மேல வச்சுக் காட்டுனான். சரியா நாப்பது. கோதண்டம் சண்டை போட்டாரு, தாளு ஒட்டுனாரு, மீறாதேன்னு பெருசா எழுதுனாரு. ரெண்டு வெரலு ரெண்டு வெரலாவே இருந்துது. கடைசியில ஒரு நாளு ஷிப்டு முடிஞ்சப்பறம் யாருக்கும் சொல்லாம பிளேடால கோட்டச் சொரண்டிட்டு, இருநூத்திப் பத்துல புதுசா ஒண்ணு இழுத்தாரு. மறுநாள் பிச்சாண்டி வழக்கம்போல செகப்புக்கு மேல ரெண்டு வெரலு ஏத்துனான். முள்ளு போயி நின்னது இருநூத்தம்பது. அச்சு அசலா. அன்னிக்குக் கோதண்டத்துக்கு இருந்த சந்தோசத்துல ரெண்டு டீ குடிச்சாரு. எட்டு வருசம். சொன்னா கெட்டுது, சொன்னா ரெண்டு வெரலு நாலு வெரலாயிடும். வீட்டுக் கடியாரத்தப் பத்து நிமிசம் முன்னால வச்சிருந்தாரு, பொண்டாட்டி வேதவல்லிக்குத் தெரிஞ்சுபோயி அவ பத்து நிமிசம் கழிச்சே கெளம்புவா, அது தெரிஞ்சு அவரு கால்மணியாக்குனாரு, அவ ரேடியோவுல டைம் கேட்டுப் புடிச்சிட்டா, இப்ப அந்த வீட்டுல மணி இன்னான்னு யாருக்கும் தெரியாது. கடியாரத்தால யாரு கழுத்தும் வேகல. அதனால சிரிக்க முடிஞ்சுது.

"அண்ணா, உள்ள வரலாமா?" நஸ்ரின் மேடம். மெயின்டனன்ஸ் இன்ஜினியரு, வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, முன்ன மெட்ராசுல ஒரு பாய்லர் கம்பெனி. படிச்சவங்க, ஆனா அவரை அண்ணான்னுதான் கூப்புடுவாங்க. கண்ணுக்குக் கீழ கருத்திருந்துது, நாலு நாளாத் தூங்காத மூஞ்சி. உக்காரல, கதவப் புடிச்சுக்கிட்டே நின்னாங்க. "கண்ணாடி கீறல் வுட்டிருந்துச்சு, அதான் மாத்தினேன். நீங்க லீவு போட்ட அன்னிக்கு. மேனுவலத் தொறந்து வச்சுப் பாத்துட்டுத்தான் கோடு போட்டேன். இருநூத்தம்பதுதானே அண்ணா?" "ஆமா மேடம்." "தகட்டுலயும் இருநூத்தம்பதுதானே?" "அதேதான் மேடம்." "அப்ப பழைய கண்ணாடில மட்டும் ஏன் இருநூத்திப் பத்துல இருந்துச்சு?" "பெயின்ட் வழிஞ்சிருக்கும்"ன்னாரு கோதண்டம். சொன்னப்பறம்தான் அது எவ்ளோ மட்டமான பொய்யின்னு தெரிஞ்சுது. வழியற பெயின்ட் நேர்கோடா வழியுமா. அவங்க தலைய ஆட்டிக்கிட்டாங்க. "நான் கோட்ட மாத்தாம இருந்திருந்தா இது நடந்திருக்காதோன்னு தோணிட்டே இருக்கு. கணக்குப்படி பாத்தா அப்படி எதுவும் இல்ல. நான் சரியாத்தான் போட்டேன். ஆனா தோணுது." "சரியாத்தான் போட்டீங்க மேடம்"ன்னாரு. அதுமட்டும் நெசம். அந்த அம்மா போயிட்டாங்க. சரியாப் போட்டவங்க தூங்கல. தப்பாப் போட்டவன் ஆட்டுக்கறிக் கொழம்பு சாப்புட்டுட்டுத் தூங்குனான். அதாவது நேத்து வரைக்கும். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும்.

ஆஸ்பத்திரியில பிச்சாண்டி ஒத்தக் கண்ணால அவரப் பாத்துட்டு மொதல்ல கேட்டது, "ணா, பிரசாதம் எங்கணா? மலையனூர் போய்ட்டு வந்து வெறுங்கையோட வர்ற." கோதண்டத்துக்குச் செத்தாப்பல ஆயிடுச்சு. வெளிய போயி, ஆஸ்பத்திரி வாசல்ல பூக்காரம்மாகிட்ட ஒரு குங்குமப் பொட்டலம் வாங்கிட்டு வந்து, மறந்து வண்டியிலயே வச்சிட்டேன்யான்னு நீட்டுனாரு. பிச்சாண்டி இடது கையால தொட்டு, கட்டு இல்லாத பக்கத்து நெத்தியில பயபக்தியா வச்சுக்கிட்டான். அங்காளம்மனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். அவரு போனது கோயிலுக்கில்ல, பரீட்சைக்கு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சவரு, பன்னண்டாவது இங்கிலீசு பேப்பரு மட்டும் தனியா எழுதி ரெண்டு வாட்டி கோட்டை வுட்டவரு, அம்பத்தோரு வயசுல மூணாம் வாட்டி. "ரிட்டயர்டு ஆவற வயசுல ஹால் டிக்கெட்டு"ன்னு வேதவல்லி சொல்லிட்டு, அதையும் மீறி அவளே பேனாவுக்கு மை ஊத்திக் குடுத்தா. மூணு நாளு லீவு, ரெண்டு நாளு படிக்க, ஒரு நாளு எழுத. ஃபேக்டரியில சொல்ல வெக்கம். இத்தாலியே பேசறவன் இங்கிலீசுல ஃபெயிலான்னு ஓட்டுவானுங்க. மொத நாளு மேடம் கோடு மாத்துனாங்க. ரெண்டாம் நாளு ஆட்டுத் தோலு, பாதி அழுத்தமே போதும், ஒண்ணும் ஆவல. மூணாம் நாளு எருமை. அன்னிக்குப் பதினோரு மணிக்கு அவரு ஒரு பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு பெஞ்சுல முட்டிய மடக்கி உக்காந்து, மழை நாளப் பத்திக் கட்டுரை எழுதிக்குனு இருந்தாரு. நாட் எக்சீடிங் நூத்தம்பது வார்த்தைன்னு கேள்வித்தாள்ல போட்டிருந்தான். பழைய சிநேகிதக்காரனப் பாத்தாப்பல இருந்துது. எழுதி முடிச்சு எண்ணிப் பாத்தாரு, நூத்தித் தொண்ணூறு. அடிக்க மனசு வரல. அவரு பேனாவுக்கும் ரெண்டு வெரலு உண்டுபோல. கொஞ்சம் கூடுனா இன்னா, எண்ணிக்குனா இருக்கப் போறான்னு அவரு நெனைச்ச அதே நேரம்தான் இங்க ஓஸ் வெடிச்சுது. அதே நேரமா, முன்னயா, பின்னயா. யாருகிட்ட கேக்கறது. "ணா, நான் புதுசா ஒண்ணும் பண்ணலணா"ன்னான் பிச்சாண்டி. "எப்பவும்போலத்தான். செகப்புக்கு மேல ரெண்டு வெரலு. உனக்குத் தெரியாததா. நீ பாத்துக்குனுதான இருப்ப." நர்சம்மா வந்து பேசாதீங்கன்னுட்டாங்க. நல்லவேளைன்னு எழுந்து வந்துட்டாரு. நல்லவேளையாம்.

பதினொண்ணு அடிச்சு எவ்ளோ நேரமாச்சோ. கோதண்டம் எழுந்து ரேக்குல கைய வுட்டு அந்தப் பழைய கண்ணாடிய எடுத்தாரு. எதுக்கு எடுத்தாருன்னு அவருக்கே நிச்சயமில்ல. லாரி ஹாரன் அடிக்குது, குப்பை லாரியா, தோலு லாரியா. பிச்சாண்டிமேல தப்பே இல்லயா இன்னா. தெனம் போர்டப் பாத்துக்கிட்டேதான மீறுனான். மீறாதேன்னா மீறாதேதான, அதுல இன்னா ரெண்டு வெரலு. ஆனா அவன் எட்டு வருசம் மீறியும் ஒரு நாளுகூட மீறல, மீற முடியாத மாதிரி ஒருத்தன் பின்னாலயே நின்னு கோட்ட நவுத்தி வச்சிருந்தான். செகப்புன்னா எடம் வுட்டுத்தான போடுவாங்கன்னு அவன் சொன்னது பொய்யா இருந்துது, இவருதான் அத நெசமாக்குனாரு. அப்ப அவன் கத்துக்கிட்டது யாருகிட்ட. நடந்துக்கிட்டே மிஷின்கிட்ட வந்துட்டாரு. ஆயில் கறைமேல ரம்பத்தூள் கொட்டியிருந்துது, அதுல ஒரு ரப்பர் செருப்பு, பிச்சாண்டியோடது, ஒத்தை. பாதி அழுத்துன எருமைத் தோலு ஒண்ணு இன்னும் மேடையிலயே கெடந்துது, முன்பாதி முதலை, பின்பாதி எருமை. அத வேற யாராவது பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க. கேஜுல மேடம் போட்ட கோடு, ஸ்கேல் வச்சு இழுத்தது, சுத்தமா இருநூத்தம்பதுல. கோதண்டம் பழைய கண்ணாடிய அதுமேல பொருத்திப் புடிச்சாரு. ரெண்டு செகப்புக் கோடு. வலது கை ரெண்டு வெரலையும் சேத்து நடுவுல வச்சாரு. பொருந்துச்சு. தச்ச சட்டை மாதிரி பொருந்துச்சு. முள்ளு அதுக்கு மேல இன்னும் ரெண்டு வெரலு தள்ளி வளைஞ்சு கெடந்துது. அந்தக் கடைசி ரெண்டு வெரலு பிச்சாண்டியோடது, மொத ரெண்டு வெரலு தன்னோடதுன்னு ஒரு நிமிசம் தெளிவாத் தெரிஞ்சாப்பல இருந்துது. மறு நிமிசம் போயிடுச்சு. கோட்ட நவுத்தாம இருந்திருந்தா எட்டு வருசத்துக்கு முன்னயே வெடிச்சிருக்குமா? புது ஓஸு, தாங்கியிருக்கும். அப்ப காப்பாத்துனது அவரா, ஓஸா? மேடம்கிட்ட லீவுக்கு முன்னால ஒரு வார்த்தை, மேடம் அந்தக் கோட்டத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கலாம். வாயில வந்துதா, வரலயா. பரீட்சை ஞாபகத்துல இருந்தாரு. ஹால் டிக்கெட்டு போட்டோவுல மீசை கோணலா இருந்துதேன்னு நெனைச்சுக்குனு இருந்தாரு.

ஸ்பேர் ரூமுக்குத் திரும்பி வந்து கண்ணாடியத் தாளு மேல வச்சாரு. ரெண்டாவது கேள்விக்கு எதிர்ல நோன்னு எழுதுனாரு. தெரியாது. பிச்சாண்டிக்கு இருநூத்தம்பது தெரியாது, ரெண்டு வெரலுதான் தெரியும். மூணாவது கேள்வி ரெண்டே வார்த்தை, தா கி. யாரால, அதாவது தாண்டுனது யாரால. அகராதியே வேணாம். நெசத்தப் போட்டா வேலை நிக்குமா, போவுமான்னு கணக்குப் போட்டாரு, வேதவல்லி மூஞ்சி வந்துது, ஏழு வருசம் கீது ரிட்டயர்டுக்கு, அம்பத்தோரு வயசுல வேற எவன் சேத்துக்குவான், இத்தாலி இத்தாலின்னு எவன் கூப்புடுவான். எழுதாம வுட்டா மேடம் தூங்க மாட்டாங்க. பிச்சாண்டி ஒத்தக் கண்ணோட கேட்டுக்கு வெளிய நிப்பான், நெத்தியில பூக்காரம்மா குங்குமத்தோட. எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்னு எழுதறதும் ஒரு வகைத் திமிருதானோ, மிஞ்சறதுதானோ. தெரியல. பேனா எழுதுச்சு. இங்கிலீசுப் பெரிய எழுத்துல, பரீட்சைப் பேப்பர்ல எழுதுன அதே கையெழுத்துல, தன் பேர. கோடு சின்னது. கடைசி ரெண்டு எழுத்து வெளிய போயிடுச்சு.

சங்குக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்ப ஜெயசீலன் வந்து கண்ணாடிய நவுத்திட்டுத் தாள எடுத்தாரு. மேலேர்ந்து கீழ கண்ண ஓட்டுனாரு. பாஷை புரியல, பேரு புரிஞ்சுது. "கோதண்டம்னு போட்டிருக்கியே. ஓ, நெரப்புனவர் பேரு போடற எடமா இது? சரி சரி"ன்னு மடிக்கப் போனாரு. மடிச்சிருந்தா முடிஞ்சுது. தாளு போயிருக்கும், இத்தாலியில எவனாவது படிச்சு, எழுதிக் கேட்டு, அது ஒரு மாசம் ஆயிருக்கும், ஒரு மாசத்துல இன்னான்னா ஆவும். ஆமா சார்னு ரெண்டு வார்த்தை. அதுகூட வேணாம், சும்மா இருந்தாலே போதும். கோதண்டம் குப்பை லாரிக்குப் போடாம வச்சிருந்த அந்தப் பழைய கண்ணாடிய எடுத்து, மடிக்கப் போன தாளு மேலயே வச்சாரு, செகப்புக் கோடு மானேஜரு பக்கமா இருக்கற மாதிரி.

"இல்ல சார். தாண்டுனவன் பேரு."